தண்ணீர் தேங்காத வீடு

எங்கள் வீட்டில் இரண்டரை ஆண்டுகளாக ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியதில்லை. பூச்சட்டிகளுக்குக் கீழே தட்டு கிடையாது. வாளிகள் கவிழ்ந்தே கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா பூ மிதக்கவிடும் வெண்கல உருளியைத் துணியில் சுற்றி ஸ்டோர் அறையில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவேன். கூரைத் தகரத்தின் ஓடை, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, கேட் கம்பியின் ஓட்டை, எதையும் விடமாட்டேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான், 2022 தைப்பூசம் முடிந்த வாரத்தில், அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"இங்கன ஒரு குட்டை வெட்டுவோமாம்மா? சின்னதா?"

நான் பதில் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டிங்கி காய்ச்சல் வந்தது. 182 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா.

அம்மாவுக்கு அது இரண்டாவது டிங்கி. டிங்கி கிருமியில் நான்கு வகை உண்டு என்பதும், ஒரு வகை வந்து போனவருக்கு வேறொரு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தார். நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் டிங்கியில் மிக ஆபத்தான நேரம் என்று மருத்துவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு சுகாதார அதிகாரிகள் வீட்டைச் சோதித்தார்கள். கொசுப்புழு இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். சமையலறை ஜன்னலில், மணி பிளாண்ட் வைத்திருந்த கண்ணாடிக் குவளை. என் அலுவலக மேசையில் இருந்ததை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் தண்ணீரை ஒரு நாளும் மாற்றியதில்லை.

இதை நான் யாரிடமும் பேசியதில்லை. வாளிகளை மட்டும் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார். கோபம் ஒன்றும் இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்த பிறகும் அவர் கோவிலுக்கும் போகவில்லை, ஒட்டுக்கடைக்கும் போகவில்லை. ஆனால், குட்டையைப் பற்றி மறுபடி பேச்சு வந்த அன்று அரை மணி நேரம் பேசினார். பந்திங் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்ததாம். பால் மரம் வெட்டிவிட்டு வரும் பெண்கள் கை கால் கழுவுவார்களாம். பையன்கள் சண்டை மீன் பிடித்துப் பாட்டிலில் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார்களாம். மழை பெய்த ராத்திரியில் தவளைச் சத்தத்தில் பேச்சுக்குரல் கேட்காதாம். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயமும் குட்டையும் மண்ணுக்குள் போய், மேலே வீடமைப்புத் தாமான் வந்துவிட்டது.

"உங்கம்மாவும் தோட்டத்துல வளர்ந்தவதான். தவளைச் சத்தம் கேக்காம தூக்கமே வரலன்னு, கிள்ளானுக்கு வந்த புதுசுல சொல்லிட்டே இருப்பா."

ஜொகூரில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். தொலைபேசியிலேயே வெடித்தாள். "அம்மா கொசுவால போனாங்க. நீங்க வீட்டுக்குள்ளேயே குளம் வெட்டப் போறீங்களா? அப்பாதான் கேக்குறார்னா உனக்குப் புத்தி எங்க போச்சு?"

அவள் சொன்னதில் தவறில்லை. நான் அப்பாவிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். வாரம் தவறாமல் நான் சோதிப்பேன். ஒரு கொசுப்புழு கண்ணில் பட்டாலும் மண் போட்டு மூடிவிட வேண்டும். அப்பா தலையாட்டினார்.

எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் புல்தரை உண்டு. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம் என்று கயிறு கட்டினோம். குழி வெட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

குழியில் விரிக்கும் ரப்பர் விரிப்பைக் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். குளத்தின் நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டி, இரண்டு ஓரத்திலும் மடித்துப் புதைக்க ஓரடி ஓரடி சேர்க்க வேண்டும். எங்கள் கணக்கு 10 + 4 + 2, ஆக 16 அடி. அகலத்துக்கு 6 + 4 + 2, ஆக 12 அடி. கோய் மீன் குளம் கட்டித் தருபவர்களிடம் இது கிடைக்கும். பிளாஸ்டிக் விரிப்பு விலை குறைவு. ஆனால், வெயில் படும் இடத்தில் சீக்கிரம் விறைத்து வெடிக்கும். நாங்கள் வாங்கியது ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈ.பி.டி.எம். ரப்பர். எழுநூறு ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. கடைக்காரர் பெரிய துண்டாகவே வெட்டிக் கொடுத்தார். அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம மரத்துப் பால் இல்ல." உண்மைதான். அது பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பர்.

கல், வேர் எல்லாம் பொறுக்கி எடுத்து, மணல் பரப்பி, அதன்மேல் வரவேற்பறையின் பழைய கம்பளத்தை விரித்தோம். அம்மா தீபாவளிக்கு வாங்கிய கம்பளம். அதற்கும் மேலேதான் ரப்பர். குழாயைத் திறந்து, பாதி நிரம்பியதும் இருட்டிவிட்டதென்று மூடிவிட்டோம்.

அன்று ராத்திரி பேய் மழை. காலையில் போய்ப் பார்த்தால், குளத்தின் நடுவில் கறுப்பாக ஏதோ ஒன்று எருமை முதுகு மாதிரி மேலெழுந்து நின்றது. நான் அலறிவிட்டேன். அப்பா கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

கிள்ளான் தாழ்வான ஊர். இங்கே இரண்டடி தோண்டினாலே களிமண்ணில் நீர் கசியும். மழை பெய்து நிலத்தடி நீர் உயர்ந்ததும், பாதி நிரம்பிய குளத்தின் விரிப்பை அது கீழேயிருந்து தூக்கிவிட்டது. குழி வெட்டும்போதே அடியில் ஈரம் ஊறியதைப் பார்த்திருந்தோம். அதன் பொருள் புரியவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். குழியில் ஓரடிக்கு மண் நிரப்பினோம். சுற்றிலும் செங்கல் வைத்து ஓரடி உயர்த்தினோம். விரிப்புக்கு அடியில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைப் பதித்துச் சாக்கடைக்கு வழி விட்டோம். இந்த முறை ஒரே மூச்சில் முழுக்க நிரப்பினோம். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் விரிப்பை அழுத்திப் பிடிக்கிறது. செங்கல்லுக்கு வெளியே மண் அணைத்துச் சரிவாக்கினோம். உள்ளே ஒரு பக்கம் கல் அடுக்கிப் படி மாதிரி ஆழம் குறைத்தோம். தவளையோ, தவறி விழுந்த பல்லியோ ஏறி வர அந்தச் சரிவு கட்டாயம் வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உறுதியான கம்பி வலையும் போட வேண்டும். ஓரடித் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்துதான்.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் போக இரண்டு நாள் விட்டோம். பிறகு அல்லி, ஹைட்ரில்லா, ஓரத்தில் கங்கோங் கீரை, பாண்டான் நட்டோம். யாரோ ஆகாயத் தாமரை தருவதாகச் சொன்னார்கள்; வாங்கவில்லை. அது குளத்தை மூடிவிடும். தவிர, மான்சோனியா என்னும் கொசுவின் புழு அதன் வேரில் ஒட்டிக்கொண்டே வளரும்.

எட்டாவது நாள் நான் பயந்தது நடந்தது. டார்ச் வெளிச்சத்தில், கங்கோங் தண்டுகளுக்கு நடுவே, பத்துப் பதினைந்து கொசுப்புழுக்கள் நெளிந்தன. எனக்குக் கை நடுங்கியது. "அப்பா, சொன்னது ஞாபகம் இருக்கா?"

அப்பா வாதாடவில்லை. "நாளைக்குக் காலை வரைக்கும் டைம் கொடும்மா" என்றார். மோட்டார் சைக்கிளில் போய் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆறு செப்பாட் மீன்களோடு திரும்பினார். காலையில் பார்த்தேன். ஒரு புழுகூட இல்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. புதிதாக வெட்டிய குளம், உயிர் இல்லாத ஒரு பெரிய வாளிதான். கொசு சில நாள்களில் வந்துவிடும். அதைத் தின்கிறவை வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், அந்த இடைவெளியில் வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். சில மீன்கள் போதும். நிறைய விட்டால் தவளை முட்டையையும் அவை மிச்சம் வைக்காது.

ஒரு மாதத்தில் தட்டான்கள் வந்தன. முதலில் ஒரு சிவப்பு, பிறகு ஒரு பச்சை. வாலை நீரில் தட்டித் தட்டி முட்டையிட்டன. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும். மண் நிறத்தில், அசையாமல் கிடக்கும். புழு பக்கத்தில் வந்தால் கீழுதட்டைக் கை போல நீட்டிப் பிடித்துத் தின்னும். வளர்ந்ததும் தண்டில் ஏறித் தோலை உரித்துவிட்டுப் பறந்துவிடும். அந்தக் காய்ந்த தோல்களை அப்பா ஒரு தீப்பெட்டியில் சேர்க்கிறார். தேரைகள் கறுப்பு மணி கோத்த மாலை போல முட்டையிட்டன. ஒரு நாள் பாண்டான் இலையில் சோப்பு நுரை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. துடைக்கப் போன என் கையை அப்பா பிடித்தார். அது மரத்தவளையின் கூடு. சில நாள்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டின.

பராமரிப்பு அப்பாவின் வேலை. தண்ணீர் பச்சையானபோது நான் மாற்றச் சொன்னேன். "ஆகவே ஆகாது" என்றார். மாற்றினால் பாசி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அல்லி இலைகள் பரவி நிழல் தந்ததும் தண்ணீர் தானாகத் தெளிந்தது. மாம்பழ மரத்தின் இலை விழுந்தால் அன்றைக்கே அரித்துவிடுவார். செடி அடர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டி, அதைக் கரையில் ஒரு ராத்திரி போட்டு வைப்பார். அதில் சிக்கிய உயிர்கள் குளத்துக்குத் திரும்பிப் போகட்டும் என்று. ஒரு முறை விரிப்பில் ஓட்டை விழுந்தபோது, அந்த ரப்பருக்கென்று விற்கும் ஒட்டுத்துண்டை வாங்கிவந்து, இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது போலவே ஒட்டினார்.

ஏழாவது மாதம் பக்கத்து வீதியில் இரண்டு பேருக்கு டிங்கி. அதிகாரிகள் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் குளத்தைப் பார்த்ததும் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெள்ளை அகப்பையால் பல இடங்களில் மொண்டு பார்த்தார். தலைப்பிரட்டை வந்தது, தட்டான் குஞ்சு வந்தது. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. நான் மூச்சு விட்டேன்.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் கூப்பிட்டார்.

மிச்சமான ரப்பர் துண்டால் அங்கே அடுக்கியிருந்த செங்கற்களை நான் மூடி வைத்திருந்தேன். அதன் மடிப்பில் ஒரு குவளை அளவு மழைத் தண்ணீர். அதில் ஏடிஸ் புழுக்கள். குளம் வந்ததிலிருந்து என் டார்ச் வெளிச்சம் முழுக்கக் குளத்தின் மேலேயே இருந்தது. வீட்டின் பின்பக்கம் போய்ப் பல வாரம் ஆகிவிட்டது.

500 ரிங்கிட் அபராதம். கட்டியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்று ராத்திரி குளத்தின் கரையில் உட்கார்ந்து முதல்முறையாக அப்பாவிடம் சொன்னேன். "அன்னைக்கும் என் குவளைதான்பா. இன்னைக்கும் நான்தான்."

அப்பா வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகப் பேசினார்.

"அம்மாவக் கடிச்ச கொசு எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும்மா தெரியும்? அது நாலு வீடு தாண்டியும் வரும். அந்தக் குவளைய நான் தினம் பார்த்தேன். காலைல அது பக்கத்துலதான் டீ கலக்குவேன். தண்ணி மாத்தணும்னு எனக்கும் தோணல. நீ ஒருத்தியே சுமந்துகிட்டுத் திரியாதே."

அவரும் இத்தனை காலம் அந்தக் குவளையைச் சுமந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஆளுக்கொரு பக்கமாக.

ஏடிஸ் கொசு பெரிய குளத்தைத் தேடுவதில்லை. நாம் மறந்துபோன மூடியை, தட்டை, மடிப்பைத் தேடுகிறது. தண்ணீரை ஒட்டிய ஈரமான ஓரத்தில் முட்டையிடுகிறது. அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அதனால் வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். தினமும் இரண்டு பேர் குனிந்து பார்க்கும் குளத்தை நான் பயந்தேன். யாரும் பார்க்காத ஒரு மடிப்பை மறந்தேன்.

இப்போது சனிக்கிழமைச் சுற்றில் அப்பாவும் வருகிறார். நான் முன்பக்கம், அவர் பின்பக்கம். பக்கத்து வீட்டு மக்சிக் முதலில் வேலியோரம் நின்று கவலையோடு எட்டிப் பார்த்தவர். இப்போது குளக்கரையில் அவர் நட்டுக் கொடுத்த வல்லாரை படர்ந்திருக்கிறது. பறித்துத் துவையல் அரைத்தால் ஒரு கிண்ணம் அவருக்குப் போகும்.

அம்மாவின் திதிக்கு அக்கா வந்தாள். குளத்தின் பக்கம் போகவே இல்லை. சாயங்காலம் மழை கொட்டி ஓய்ந்தது. ஒரு தவளை தொடங்கியது, பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. அக்கா எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். திரும்பி வந்து, "அம்மாவோட உருளி எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள்.

ஸ்டோர் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, குளத்து அல்லி ஒன்றைப் பறித்து மிதக்கவிட்டாள். அம்மா படத்துக்கு முன்னால் ராத்திரி முழுவதும் அது இருந்தது.

மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றிவிட்டு, உருளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி எடுக்க வேண்டும்.